நிழற்பட எண்களின் வரலாறு

நிழற்படங்களை வரிசைப்படுத்த வேண்டிய தேவை, தமிழகத்தில் அக்கலையின் தொடக்க காலத்திலேயே எழுந்தது. 1856இல் சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 அச்சுப்படிகளை ஒட்டிப் பத்தொன்பது அடிக்குமேல் நீளும் ஒரே படமாக்கினார். அவற்றுள் ஒன்று இடம் மாறினாலும் கல்வெட்டின் வாசகம் அறுந்துவிடும் ஆதலால், அங்கே வரிசையே பொருளைத் தாங்கி நின்றது.

35 மி.மீ. படச்சுருள் பரவியபின் எண்ணிடும் வேலை தொழிற்சாலைக்குச் சென்றது. சுருளின் ஓரத்திலேயே கட்ட எண்கள் பதிந்திருந்தன. ஆனால் ஒவ்வொரு சுருளும் மீண்டும் ஒன்றிலிருந்தே தொடங்கியதால், எந்தச் சுருள், யாருடைய படம் என்பதை ஸ்டூடியோக்காரர் நெகட்டிவ் உறையிலும் பேரேட்டிலும் எழுதிவைத்தார்.

அந்தப் பேரேடு இல்லாமலேயே எண்ணை ஓடவிட்டது எண்மக் கேமரா. ஜப்பான் மின்னணுத் தொழில் வளர்ச்சிச் சங்கம் 1998 டிசம்பரில் வகுத்த, டிசிஎஃப் எனப்படும் விதியின்படி, நினைவட்டையில் டிசிஐஎம் என்ற தலைமைக் கோப்புறையும், அதனுள் 100 முதல் 999 வரையிலான எண்ணோடு ஐந்து எழுத்துகள் சேர்ந்த உட்கோப்புறைகளும் அமையும். கோப்பின் பெயர் நான்கு எழுத்துகளும் 0001 முதல் 9999 வரையிலான நான்கு இலக்கங்களும் கொண்டது. எட்டு எழுத்துகளுக்குமேல் பெயர் ஏற்காத பழைய டாஸ் காலக் கோப்பு முறையே இந்தக் குறுக்கத்துக்குக் காரணம். நிக்கானின் டிஎஸ்சி, கேனானின் ஐஎம்ஜி ஆகிய முன்னொட்டுகள் அந்த நான்கு எழுத்து இடத்தில் அமைந்தவை. ஒரு நிறுவனத்தின் அட்டையை மற்றொன்றின் கருவியும் படிக்க முடிந்தது இவ்விதியின் பெரும் பயன். எனினும் 9999 முடிந்ததும் எண் 0001க்குத் திரும்புவதால், ஒரே பெயரில் இரு வேறு படங்கள் பிறக்கின்றன. கணினியில் ஒரே கோப்புறைக்கு மாற்றும்போது ஒன்றன்மேல் மற்றொன்று எழுதப்பட்டு முந்தையது அழிந்துபோகவும் கூடும்.

கள ஆய்வில் இது சிறு இழப்பன்று. ஜவ்வாது மலையை அடுத்த செங்கம் வட்டாரத்தின் வீரக்கற்களை இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ (1972) ஊரோடும் கல்வெட்டு வாசகத்தோடும் முன்வைத்தது. இன்று அதே மலைப் பகுதியில் கண்ணமங்கலத்திலிருந்து படவேட்டுக்கோ மலையூர்களுக்கோ சென்று ஒருவர் எடுக்கும் படத்தில், 1995இல் வகுக்கப்பட்ட எக்சிஃப் குறிப்பின்படி நாளும் நேரமும் லென்ஸ் திறப்பும் பதியும். கல்லில் நிற்கும் வீரன் யார், எந்தப் பூசலில் பட்டான் என்பவை பதியா. ஊர்ப்பெயர் எழுதக் கோப்புப் பெயரின் நான்கு எழுத்து இடமும் போதாது. ஆகவே படங்களைக் கணினிக்கு மாற்றியபின் ஆண்டு, மாதம், நாள், ஊர், கல்லின் வரிசை என்ற முறையில் பெயர் மாற்றுவதும், அட்டையிலுள்ள மூலக் கோப்போடு ஒப்பிட உதவும் கேமரா எண்ணை இறுதியில் அப்படியே விட்டுவைப்பதும் ஆவணப்படுத்துவோர் கைக்கொள்ள வேண்டிய முறை.