வாடகை வீட்டைக் காலி செய்கிறீர்களா? சாவியைக் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

சிம்பாங் அம்பாட் – வீடு மாறும் நாளில் லோரி வாசலில் காத்திருக்கும். சாமான்களை ஏற்றிவிட்டு, சாவியை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டுப் பலர் புறப்பட்டு விடுகின்றனர். வைப்புத்தொகையைப் பற்றிய பேச்சு அதன் பிறகுதான் எழுகிறது. சுவரில் இருக்கும் கறை யாரால் வந்தது என்று காட்ட அப்போது இரு தரப்பிடமும் ஆதாரம் இருப்பதில்லை.

தொகையும் சிறியதல்ல. இரண்டு மாத வாடகையைப் பாதுகாப்பு வைப்புத்தொகையாகவும், அரை மாத வாடகையை மின்சார, தண்ணீர்க் கட்டணத்துக்கான வைப்புத்தொகையாகவும் வாங்குவது வழக்கம். மாத வாடகை 900 ரிங்கிட் என்றால் அது 2,250 ரிங்கிட்டாகும். 2025-இல் நடப்புக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தைவிட இது அதிகம்.

பத்து காவான் தொழிற்பேட்டையும், 2014 மார்ச்சில் திறக்கப்பட்ட பினாங்கு இரண்டாவது பாலமும் சிம்பாங் அம்பாட் வட்டாரத்தை மாற்றிவிட்டன. தோட்டங்களிலிருந்து வெளியேறிய பல குடும்பங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளில் வாடகைக்கு இருக்கின்றன. தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்து வந்தது; அங்கே ஒப்பந்தமும் இல்லை, வைப்புத்தொகையும் இல்லை. வாடகை வீட்டிலோ எல்லாம் எழுத்தில்தான் நிற்கும்.

ஒப்பந்தமே அடிப்படை

குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் மலேசியாவில் இன்னும் நடப்புக்கு வரவில்லை. எனவே இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமுமே வழிகாட்டி. எத்தனை மாதம் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும், வைப்புத்தொகை எத்தனை நாளில் திரும்பும், சாயம் பூசித் தர வேண்டுமா என்பவை ஒப்பந்தத்தில் இருக்கும். நோட்டீஸை எழுத்து வடிவில் கொடுப்பது நல்லது.

ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டியிருக்க வேண்டும். முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்காது.

“வைப்புத்தொகையில் கழித்துக்கொள்ளுங்கள்” என்று கடைசி இரண்டு மாத வாடகையைக் கட்டாமல் விடுபவர்களும் உண்டு. பெரும்பாலான ஒப்பந்தங்கள் இதை அனுமதிப்பதில்லை. அப்படிச் செய்தால் ஒப்பந்தத்தை மீறியவர் வாடகைதாரர் ஆகிவிடுவார்.

தேய்மானம் வேறு, சேதம் வேறு

நியாயமான தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பல்ல என்பது ஒப்பந்தங்களில் வழக்கமாக இடம்பெறும் விதி. வெயிலில் மங்கிய சாயம், பழசாகித் தளர்ந்த கதவுக் கீல், நடந்து நடந்து மங்கிய தரை ஆகியவை தேய்மானம். உடைந்த கண்ணாடி, விரிசல் விட்ட பேசின், அனுமதியின்றிச் சுவரில் போட்ட துளைகள் ஆகியவை சேதம்.

நம்மவர் வீடுகளில் அடிக்கடி சர்ச்சையாவது சாமி மேடை. விளக்குப் புகை படிந்த சுவர், எண்ணெய்க் கறை, படம் மாட்டிய ஆணித் துளை ஆகியவற்றைக் காலி செய்வதற்கு முன்பே சுத்தம் செய்து, துளைகளை அடைத்துவிட்டால் செலவு குறைவு. அடுப்படிச் சுவருக்கும் இது பொருந்தும்.

சேதத்துக்குப் பணம் பிடிப்பதிலும் நியாயம் வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் பூசிய சுவரில் ஓர் இடத்தில் கறை என்றால், வீடு முழுவதற்கும் புதுச் சாயத்தின் செலவைக் கேட்பது பொருந்தாது. எதைப் பிடித்தாலும் அதற்கான ரசீதைக் கேட்கலாம்.

சோதனை நாளில்

சாமான்கள் வெளியேறிய பிறகு, பகல் வெளிச்சத்தில், இரு தரப்பும் ஒன்றாக வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். மின்சாரமும் தண்ணீரும் அதுவரை துண்டிக்கப்படக் கூடாது. விளக்கு, மின்விசிறி, குளிர்சாதனம், தண்ணீர்க் குழாய், கழிப்பறைத் தொட்டி ஆகியவற்றை இயக்கிப் பார்த்தால்தான் நிலை தெரியும்.

குடிபுகுந்த நாளில் எடுத்த படங்கள் இருந்தால் அவற்றோடு அறை அறையாக ஒப்பிடலாம். அந்தப் படங்கள் இல்லாதவர்களுக்குத்தான் வாதம் கடினமாகிறது. புதிதாகக் குடிபோகிறவர்கள் முதல் நாளே படமெடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வைப்பது இதற்காகத்தான்.

தெனாகா நேஷனல் மின்மானியையும் தண்ணீர் மானியையும் அளவு தெரியும்படி படமெடுக்க வேண்டும். கணக்கு வாடகைதாரர் பெயரில் இருந்தால், அதை முறையாக மூடினால்தான் அங்கே கட்டிய வைப்புத்தொகையும் திரும்பும். இண்டா வாட்டர் கட்டணம் யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கண்ட குறைகள், மானி அளவு, ஒப்படைத்த சாவிகளின் எண்ணிக்கை, பணம் திரும்பும் தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டால் பிறகு பேச்சு மாறாது. உடன்படாத குறை இருந்தால் “இதற்கு உடன்படவில்லை” என்று அதே தாளில் எழுதிக் கையெழுத்திடலாம்.

பணம் திரும்பாவிட்டால்

முதலில் தேதி குறிப்பிட்டு எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால், 5,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைத் தனிநபர்கள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் கொண்டுபோகலாம். 198ஆம் எண் பாரத்தை நிரப்ப வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. தென் செபராங் பிறை மாவட்டத்துக்கு ஜாவியில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் உள்ளது. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடமும் ஆலோசனை கேட்கலாம்.

இந்த வழி உரிமையாளருக்கும் உண்டு. சேதம் வைப்புத்தொகையை மிஞ்சினால் அவரும் அங்கே கோரலாம். ஆனால் வாடகை பாக்கி என்பதற்காகப் பூட்டை மாற்றிக் குடும்பத்தை வெளியேற்ற அவருக்கு உரிமை இல்லை. 1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவின்படி அதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும்.

எந்த வழக்கிலும் முதலில் கேட்கப்படுவது ஆதாரம்தான். வீட்டைச் சுற்றிப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகலாம். லோரி புறப்படுவதற்கு முன் அந்த நேரத்தை ஒதுக்கிவிட்டால், இரண்டரை மாத வாடகைப் பணத்துக்காகப் பிறகு அலைய வேண்டியிருக்காது.