ராஜா செல்லையாவும் அப்பாவோட பில் புக்கும்

அம்பத்தூர் எஸ்டேட்ல அப்பா சின்னதா ஒரு லேத் பட்டறை வச்சிருந்தார். ராத்திரி சாப்பிட்டதும் பில் புக்கோட உக்காருவார். "என் வேலைக்கு வரின்னா சரி, ஏற்கெனவே வரி கட்டின இரும்புக்கும் சேர்த்து எதுக்குடா வரி?" இதான் அவரோட நிரந்தரப் புலம்பல். இந்த மாதிரிக் கேள்விகளையே தொழிலா வச்சிருந்த ஒரு தமிழரைப் பத்தி எனக்கு ரொம்பத் தாமதமாத்தான் தெரிஞ்சுது.

ராஜா செல்லையா. 1922ல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படிச்சுட்டு, அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் முனைவர் பட்டம் வாங்கினார். பின்தங்கிய நாடுகளின் நிதிக்கொள்கை பற்றிய அவரது புத்தகம் 1960ல் வந்தது. அப்புறம் ஐ.எம்.எஃப். அங்கே இருந்தப்போ, 1971ல் வளரும் நாடுகளோட வரி வசூலை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். எவ்வளவு வசூல்னு மட்டும் பார்க்காம, அந்த நாட்டோட பொருளாதாரத்துக்கு எவ்வளவு வசூலிக்க முடியும்னும் பார்த்தார். 1976ல் டெல்லியில் தேசியப் பொதுநிதி, கொள்கை ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநர் ஆனார்.

சரி, அப்பா கணக்குக்கு வருவோம். சும்மா ஒரு உதாரணம். இரும்பு 100 ரூபாய், வரி 10. பட்டறையில் 90 ரூபாய்க்கு வேலை. மொத்தம் 200க்கு மறுபடி 10 சதவீதம் போட்டா விலை 220. முன்னாடி கட்டின வரியைக் கழிச்சுக்க விட்டா 209தான். பொருள் நாலு கை மாறினா வித்தியாசம் எங்கே போய் நிக்கும்னு நீங்களே போட்டுப் பாருங்க!

கழிச்சுக்கிற இந்த முறை 'மோட்வாட்'ங்கிற பேர்ல 1986லயே கலால் வரியில் ஆரம்பிச்சாச்சு. 1991ல் அமைஞ்ச வரிச் சீர்திருத்தக் குழுவுக்கு செல்லையா தலைவர். கழிவை விரிவாக்கு, விகிதத்தைக் குறை, சலுகைகளை வெட்டு, சேவைகளுக்கும் வரி போடுன்னு அந்தக் குழு சொன்னது. 1994ல் சேவை வரி வந்துச்சு.

இறக்குமதித் தீர்வையையும் படிப்படியா குறைக்கச் சொன்னாங்க. 1991ல் 150 சதவீதமா இருந்த உச்சவரம்பு 1995ல் 50 ஆச்சு. அப்பாவுக்கு இது மட்டும் கசப்பு. "வரியைக் கழிச்சான், கூடவே போட்டிக்கும் ஆள் கூட்டி வந்துட்டான்"னு சொல்லுவார். அதுலயும் நியாயம் இருக்கு. புத்தகத்துல சீர்திருத்தம்னு ஒரே வார்த்தை, பட்டறைக்கு வர்றப்ப ரெண்டு பக்கமும் வெட்டும்.

தமிழ்நாட்டில் விற்பனை வரிக்குப் பதிலா வாட் வந்தது 2007 ஜனவரி 1. அதே வருஷம் செல்லையாவுக்குப் பத்ம விபூஷண். கோட்டூர்ல இருக்கிற மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸை நிறுவினவரும் அவர்தான். 2009ல் காலமானார். 2017ல் வந்த ஜி.எஸ்.டி.யை அவர் பார்க்கலை.

அப்பாவும் பார்க்கலை. பில் புக் மட்டும் பரண்ல பத்திரமா இருக்கு.