நம்பிக்கையும் மனச்சோர்வும்: ஒரு சிறிய வரலாறு

மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறும் இருவர். ஒரே மருத்துவர், ஒரே மாத்திரை. ஒருவர் தேறிவிடுகிறார், மற்றவர் தேறவில்லை. ஏன்? காரணங்கள் பல. அவற்றில் ஒன்றின் கதை 1784-ஆம் ஆண்டு பிரான்சில் தொடங்குகிறது.

உடலுக்குள் ஓடும் ஒருவகைக் காந்த சக்தியால் நோய்களைத் தீர்ப்பதாகச் சொல்லி மெஸ்மர் என்ற மருத்துவர் பாரிஸில் பெரும்புகழ் பெற்றிருந்தார். இந்த முறையை ஆராய மன்னர் பதினாறாம் லூயி ஒரு குழுவை அமைத்தார். பெஞ்சமின் ஃபிராங்க்ளின், வேதியியல் அறிஞர் லவாய்சியே ஆகியோர் அதில் இருந்தனர். தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் 'காந்தம் ஏற்றி', கண்ணைக் கட்டிய ஒரு சிறுவனை மரம் மரமாக அழைத்துச் சென்றார்கள். காந்தம் ஏற்றாத மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான்! எல்லாம் கற்பனையின் வேலை என்று குழு முடிவு சொன்னது. காந்தம் பொய்தான். ஆனால் எதிர்பார்ப்பால் வந்த மயக்கம் மெய்.

1961-இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜெரோம் ஃபிராங்க் இதை வேறு கோணத்தில் பார்த்தார். உளச்சிகிச்சை முறைகள் எத்தனை இருந்தாலும், மனமுடைந்தவருக்கு மீண்டும் நம்பிக்கையூட்டுவது அவற்றுக்குப் பொதுவானது என்று தம் நூலில் எழுதினார்.

அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் 1980-களில் நடத்திய பெரிய ஆய்வில் இரண்டு வகை உளச்சிகிச்சைகள், இமிப்ரமின் மாத்திரை, மருந்தில்லாப் போலி மாத்திரை ஆகிய நான்கும் ஒப்பிடப்பட்டன. சிகிச்சை தொடங்கும் முன்பே, எந்த அளவுக்குக் குணமாகும் என்று நினைக்கிறீர்கள் என நோயாளிகளிடம் கேட்டு வைத்திருந்தார்கள். அந்த விவரங்களை அலசி 2002-இல் வெளியான கட்டுரை, அதிகம் எதிர்பார்த்தவர்களே அதிகம் தேறினார்கள் என்றது. அது மாயமல்ல. பலன் கிடைக்கும் என்று நம்பியவர்கள் சிகிச்சையாளருடன் மனம் ஒன்றி உழைத்தார்கள். அந்த உழைப்பு பலன் தந்தது.

அப்படியானால் மாத்திரையே வேண்டாமா? அவசரப்படக் கூடாது. 522 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான கட்டுரை, அதில் பரிசீலிக்கப்பட்ட 21 மருந்துகளுமே போலி மாத்திரையைவிடச் சற்றேனும் கூடுதலாகப் பலன் தருகின்றன என்றது. நம்பிக்கை மருந்துக்குத் துணை, மாற்று அல்ல.

சிக்கல் என்னவென்றால், மனச்சோர்வு முதலில் பறிப்பதே நம்பிக்கையைத்தான். கால் முறிந்தவரை நடக்கச் சொல்வது போல, 'நம்பு, சரியாகிவிடும்' என்று நோயாளியிடம் சொல்லிப் பயனில்லை. மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், இடையில் சோர்வு திரும்பக்கூடும் என்று முன்கூட்டியே விளக்கும் மருத்துவர், நம்பிக்கை பிடித்து நிற்க ஓர் ஊன்றுகோல் தருகிறார். அந்த நம்பிக்கையை வளர்ப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.