கன்னிவாடிச் செம்மண்ணும் உவர் தாங்கும் எண்ணெய்வித்துகளும்

பழனிமலையின் அடிவாரத்தில், திண்டுக்கல்லுக்கு மேற்கே அமைந்த கன்னிவாடி, மதுரை நாயக்கர் காலத்துப் பாளையங்களுள் ஒன்றாயிருந்து பின்னர் ஜமீனாக மாறிய ஊர். இவ்வட்டாரத்துச் செம்மண் காடுகளில் எள், ஆமணக்கு, நிலக்கடலை ஆகியவை மழையை நம்பியே விளைந்தன. வடிகால் வசதியுள்ள மண்ணில் மழைநீர் உப்பைக் கழுவி இறக்கிவிடுமாதலால், உப்பைத் தாங்கும் பயிரைத் தேடவேண்டிய தேவை முன்னோர்க்குப் பெரிதாக எழவில்லை.

உப்பு மிகுந்த நிலத்தைத் தமிழ் உழவர் உவர் என்றும் களர் என்றும் வழங்குவர். வேளாண் அறிவியல் இவற்றைப் பிரித்து, கரையும் உப்புகள் மிகுந்ததை உவர் நிலம் என்றும், சோடியம் களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு நீரை உள்ளே இறங்கவிடாமல் இறுக்கும் நிலத்தைக் களர் நிலம் என்றும் கூறுகிறது. புறநானூற்றின் 311ஆம் பாடலில் களர்நிலத்துக் கிணற்று நீர் ஆடை வெளுக்கப் பயன்படுகிறது; விளைச்சலுக்கு உதவாத நிலத்துக்கும் ஒரு பயன் கண்டிருந்தனர் என்பதற்கு அது சான்று.

உப்பைத் தாங்கும் பயிரைத் தேடவேண்டாதிருந்த அந்நிலைமையை மாற்றியது நிலக்கடலை. தென் அமெரிக்காவில் பிறந்து, மணிலாக்கொட்டை என்ற பெயருடன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டில் வணிகப் பயிராகப் பரவிய இது, 1940இல் திண்டிவனத்திலிருந்து டி.எம்.வி. 2 இரகம் வெளிவந்தபின் மேலும் வேரூன்றியது. ஆயினும் உப்பைத் தாங்குவதில் அது மெலிந்த பயிர். மண்ணை நீரில் குழைத்து வடித்த சாற்றின் மின்கடத்துதிறனைக் கொண்டு உப்பை அளப்பர். அதன் அலகு மீட்டருக்கு டெசிசீமன்ஸ். 1977இல் மாஸ், ஹாஃப்மன் ஆகியோர் தொகுத்த அட்டவணையின்படி, மீட்டருக்கு 3.2 டெசிசீமன்ஸைத் தாண்டியதும் ஒவ்வோர் அலகுக்கும் கடலையின் விளைச்சல் 29 விழுக்காடு குறைகிறது, அதாவது 4.9இல் பாதி போய்விடுகிறது. ஒரு நிலத்தை உவர் நிலம் என்று வகைப்படுத்தும் எல்லையே 4 என்பதை எண்ணினால், அப்பெயர் சூட்டப்படும் முன்பே கடலை வாடத் தொடங்கிவிடுவது புலனாகும். பின்னாளைய அட்டவணைகள் சூரியகாந்திக்கு 4.8 வரை இழப்பில்லை என்றும், அதற்குமேல் அலகுக்கு 5 விழுக்காடே இழப்பு என்றும் தருகின்றன.

உப்பு மிகுந்தால் வேர் நீரை உறிஞ்ச இயலாது திணறுகிறது. உள்ளே நுழையும் சோடியமோ இலையைக் கருக்குகிறது. தாங்கும் பயிர்கள் சோடியத்தை வேரிலேயே தடுக்கின்றன, அல்லது உயிரணுவின் நுண்குமிழிக்குள் ஒதுக்கிவைக்கின்றன. கடலைக்கு மற்றொரு இடரும் உண்டு: மண்ணுக்குள் இறங்கும் விழுதும் காயும் சுண்ணாம்புச் சத்தை மண்ணிலிருந்து நேரே பெறுவதால், அங்குச் சோடியம் மிகும்போது காய் பொக்காகிறது. மண் அணைக்கும்போது எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இடும் வழக்கம் இச்சத்தை ஈடுசெய்வதற்கே. களரைச் சீர்திருத்துவதும், மிகுதியான அளவில் இடப்படும் அதே ஜிப்சம்தான்.

திண்டுக்கல்லின் கதை வேறு. தோல் பதனிடும் தொழில் உப்பிட்ட தோலைக் கழுவி வெளியேற்றிய நீர், மண்ணையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இம்மாவட்டத்துத் தொழிற்கூடங்களையும் கட்டுப்படுத்தியது. உப்பேறிய நிலத்துக்கான பயிர்களைப் பொறுத்தவரை, கர்னாலில் 1969இல் தோன்றிய மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனம் சி.எஸ். 52 போன்ற உவர் தாங்கும் கடுகு இரகங்களைத் தந்தது பாராட்டத்தக்க பணியே. எனினும் கடுகை எண்ணெய்க்காகப் பயிரிடாத தமிழ்நாட்டுக்கு அது நேரடித் தீர்வாகாது. ஆகவே கன்னிவாடிப் பகுதி உழவர்கள், ஆழ்துளைக் கிணற்று நீரைக் கடலைக்குப் பாய்ச்சும் முன் நீரையும் மண்ணையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். உப்பு கூடியிருந்தால் அந்தப் பருவத்தில் சூரியகாந்தியை விதைப்பதே தக்கது.