ஜீப் வண்டியின் மறுவாழ்வு

இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜீப் வண்டியை அருகிருந்து பார்த்தவர்கள் அதன் முகப்பு விளக்குகளில் ஒரு சிறு விந்தையைக் கண்டிருப்பார்கள். அவை கீல்களில் பொருத்தப்பட்டவை. கருவி எதுவும் இன்றி, கையாலேயே ஒரு மரையைத் தளர்த்தினால் விளக்கு பின்னோக்கித் திரும்பிக்கொள்ளும். எஞ்சின் மூடியைத் தூக்கிவிட்டால், சாலைக்கு ஒளி தந்த விளக்கு எஞ்சினுக்கு ஒளி தரும். நள்ளிரவில் நடுக்காட்டில் வண்டி நின்றுவிட்டால், ஓட்டுகிறவனே பழுது பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எண்ணிச் செய்த ஏற்பாடு அது. அந்த எண்ணம் போர் முடிந்த பின்னர் எங்கெங்கே, எவ்வெவ்வாறு பயன்பட்டது என்பதையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

1940ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்கத் தரைப்படை 135 கம்பெனிகளுக்கு ஓர் அழைப்பு விடுத்தது. நான்கு சக்கரங்களும் உந்தும் சிற்றுந்து ஒன்றின் மாதிரியை 49 நாட்களில் செய்து தர வேண்டும் என்பது நிபந்தனை. பென்சில்வேனியா மாகாணத்துப் பட்லர் நகரிலிருந்த பாண்டம் என்னும் சிறிய கம்பெனி துணிந்து ஏற்றது. கார்ல் புரோப்ஸ்ட் என்னும் பொறியாளர் சில நாட்களுக்குள் வரைபடங்களை முடித்தார். செப்டம்பர் 23ஆம் நாள் மாதிரி வண்டி படையிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் அச்சிறிய தொழிற்சாலையால் வேண்டிய அளவு செய்து குவிக்க இயலாது என்று படையினர் அஞ்சினர். ஆகவே பெரும் பகுதி வேலை வில்லிஸ், ஃபோர்டு என்னும் இரு கம்பெனிகளுக்குப் போயிற்று. பெற்றவள் ஒருத்தி, பேரெடுத்தவர் வேறு!

படையினர் மற்றொரு நிபந்தனையும் விதித்தனர். வில்லிஸ் வண்டியின் பாகம் ஃபோர்டு வண்டியில் பொருந்த வேண்டும். ஃபோர்டு வண்டியின் பாகம் வில்லிஸ் வண்டியில் பொருந்த வேண்டும். இவ்வாறு ஏறத்தாழ 6 லட்சத்து 40 ஆயிரம் வண்டிகள் ஒரே அச்சில் வார்த்தாற்போல் வெளிவந்தன. குண்டடிபட்டுக் கிடக்கும் இரு வண்டிகளிலிருந்து ஓடக்கூடிய ஒரு வண்டியைக் களத்திலேயே கூட்டிவிட முடிந்தது. பழுது பார்க்கும் பணியையும் ஐந்து படிகளாக வகுத்திருந்தனர். முதற்படியில் நின்றவன் ஓட்டுநனே. எண்ணெயின் அளவு, நீரின் அளவு, டயரின் காற்று, தளர்ந்த மரை இவற்றையெல்லாம் நாள்தோறும் பார்ப்பது அவன் கடமை. அதற்கென்று படம் போட்ட கையேடும் இருந்தது. பண்ணையிலிருந்தும் கடையிலிருந்தும் படைக்கு வந்த பல்லாயிரம் இளைஞர்கள் ஸ்பானர் பிடிக்கக் கற்றது இந்த வண்டியில்தான்.

போர் ஓய்ந்தது. வேண்டாத வண்டிகள் உலகெங்கும் மலிவாக விலைக்கு வந்தன. வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த ஆங்கில்சி தீவில் ரோவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸுக்கு ஒரு பண்ணை இருந்தது. பண்ணை வேலைக்கு ஒரு பழைய ஜீப்பை வைத்துக்கொண்டு, அதனோடு ஓயாமல் மல்லாடி வந்தார். இது தேய்ந்து போனால் என்ன செய்வாய் என்று தமையனார் ஸ்பென்சர் கேட்டாராம். இன்னொரு ஜீப்பைத்தான் வாங்க வேண்டும், வேறு வண்டி ஏது என்று பதில் வந்ததாம். தமையனாரோ அதே கம்பெனியின் நிர்வாக இயக்குநர். 1947இல் ஒரு ஜீப்பின் அடிச்சட்டத்தின் மீதே முதல் மாதிரி வண்டி எழும்பியது. எஃகுக்குப் பங்கீடு இருந்த காலமாதலால், விற்பனைக்கு வந்த வண்டியின் உடலை அலுமினியக் கலவையில் செய்தனர். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லாண்ட் ரோவர் என்னும் பெயருடன் அது தோன்றியது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரம் ஜீப்பில் 80 அங்குலம். லாண்ட் ரோவரிலும் 80 அங்குலமே. தாய் யாரென்று மகவின் அளவே சொல்லிவிடுகிறது.

எல்லாப் பழுது பார்ப்பும் இப்படி இனிதே முடிந்துவிடவில்லை. அதே 1948இல் நம் அரசுக்காக லண்டனில் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளப்பட்டது. பழுது நீக்கிப் புதுப்பித்த 2,000 ஜீப்புகள் நம் படைக்கு வர வேண்டும் என்பது ஏற்பாடு. காஷ்மீரத்தில் போர் நடந்துகொண்டிருந்த நேரம். வந்து சேர்ந்தவை 155. அவையும் ஓடத் தகுதியற்றவை என்று படையினர் தள்ளிவிட்டனர். நாடாளுமன்றத்தில் நெடுநாள் புயல் வீசியது. அரசியல் வழக்கை இங்கே கிளற நான் விரும்பவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வண்டிகளுக்கு வர்ணம் பூசியவன் அவற்றில் ஏறப்போகிறவன் அல்லன். ஆங்கில்சிப் பண்ணையில் மரையை முடுக்கியவரோ, மறுநாள் காலையில் அதே வண்டியில் சேற்றில் இறங்க வேண்டியவர்.

தானே ஓட்டி, தானே பழுது பார்த்தவர்கள் நாளடைவில் ஜீப்பின் குறைகளையும் கண்டுகொண்டனர். போர்க்கால வண்டியின் கியர்ப் பெட்டி மெலிந்தது. பாரம் இழுத்தால் பற்கள் தேயும். 1945இல் குடிமக்களுக்கென வில்லிஸ் வெளியிட்ட வண்டியில் வலிமை கூடிய பெட்டி இருந்தது. சிறு மாற்றங்களுடன் அதைப் பழைய வண்டியில் பொருத்திக்கொண்டார்கள். மின்சாரம் 6 வோல்ட்டு. குளிர் காலையில் எஞ்சின் கிளம்ப மறுக்கும், விளக்கோ மின்மினியைப் போல் எரியும். பாட்டரியை 12 வோல்ட்டாக்கி, விளக்குக் குமிழ்களையும் பற்றவைப்புச் சுருளையும் மாற்றினார்கள். பழைய ஸ்டார்ட்டர் மோட்டாரே பல வண்டிகளில் இரட்டிப்பு அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டது. சற்று வேகமாகவே சுழன்றது என்றும் சொல்லலாம்.

நம் நாட்டில் 1940களின் இறுதியில் மகிந்திரா கம்பெனியார் பம்பாயில் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கினர். பின்னர், 1953இல் அமெரிக்காவில் வெளிவந்த உயர்ந்த மூடியுடைய வகையைப் பல்லாண்டுகள் இங்கே செய்தனர். பெட்ரோல் விலை ஏறவே, சொந்தக்காரர்கள் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றினர். சொல்வது எளிது. டீசல் எஞ்சின் கனமானது. முன் வில்கள் தாழும். அதிர்வு மிகுதி, தாங்கிகளைப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். சுழற்சி குறைவு, வண்டியின் உச்ச வேகமும் குறையும். இத்தனை கணக்கையும், பொறியியற் கல்லூரியை வெளியிலிருந்துகூடப் பாராத மேஸ்திரிகள் சாக்கட்டியால் தரையில் கோடு கிழித்தே போட்டு முடித்தார்கள்.

ஆயினும் ஜீப்பை அடியோடு மாற்றிய பெருமை மணிலா நகரத்தாரையே சாரும். 1945 பிப்ரவரி, மார்ச்சுத் திங்களில் நடந்த சண்டையில் அந்நகரம் தரைமட்டமாயிற்று. டிராம் வண்டிகளும் அழிந்தன. உயிர் பிழைத்தவர்கள் வேலைக்குப் போக வண்டி இல்லை. அமெரிக்கர் விட்டுச் சென்ற ஜீப்புகளோ ஏராளம். பின்புறத்தை அறுத்து நீட்டினார்கள். நீளவாக்கில் எதிரெதிராக இரண்டு பலகைகளை இட்டார்கள். வெயிலுக்குக் கூரை போட்டார்கள். பின்வழியாக ஏறி இறங்கச் செய்தார்கள். ஜீப்னி பிறந்தது. 1953இல் லியோனார்டோ சாராவ் என்பவர் தொடங்கிய பட்டறை அவற்றைச் செய்து புகழ் பெற்றது. ஜப்பானிலிருந்து வந்த பழைய டீசல் எஞ்சின்கள் பிற்காலத்தில் அவற்றினுள் புகுந்தன. எஞ்சினும் அச்சும் உடலும் மாறி மாறி வந்தும் முகம் மட்டும் ஜீப்பின் முகமாகவே இருந்தது.

இன்று மேலைநாடுகளில் பழைய ஜீப்பைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்தவாறே மீட்டெடுப்பவர்கள் உண்டு. ஃபோர்டு கம்பெனி தன் போல்ட்டுகளின் தலையிலும் 'எஃப்' என்னும் எழுத்தைப் பொறித்திருந்தது. அந்த எழுத்துள்ள போல்ட்டைத் தேடிக் கடை கடையாய் அலைகிறார்கள். அவர்கள் பொறுமையை மதிக்கிறேன்; எனினும் என் நெஞ்சம் மணிலாக்காரர் பக்கமே சாய்கிறது.

அந்த மணிலாவில் 2017இல் ஓர் அரசாணை பிறந்தது. 15 ஆண்டு கடந்த ஜீப்னிகளை நீக்கிவிட்டு, புகை குறைந்த புதிய வண்டிகளை வாங்க வேண்டும் என்றது அது. புகையைப் பற்றிய குறை பொய்யன்று. அப்பழைய டீசல் எஞ்சின்களின் பின்னே நடந்தவர் அறிவர். ஆனால் புதிய வண்டியின் விலை அப்போது ஏறத்தாழ 20 லட்சம் பெசோவாக இருந்தது. அதன் எஞ்சினோ மின்னணுவால் ஆளப்படுவது. தெருவோரப் பட்டறையின் ஸ்பானருக்கு எளிதில் மசியாது. 2023 மார்ச்சில் சாரதிகள் வேலைநிறுத்தம் செய்தனர். தனி உரிமையாளர்கள் கூட்டுறவுச் சங்கங்களில் சேர வேண்டிய இறுதிக் கெடு தள்ளித் தள்ளிப் போய், 2024 ஏப்ரல் 30இல் முடிவுற்றது. சாரதிகளின் அமைப்புகள் சில முன்வைத்த வேண்டுகோளில் புதுமை ஏதுமில்லை. வண்டியைப் பறிக்க வேண்டா, அதையே செப்பனிட்டுப் புகை குறைந்த எஞ்சினைப் பொருத்தி ஓட்ட விடுங்கள் என்று கேட்டார்கள். 1945 முதல் அவர்களும் அவர்கள் தந்தையரும் செய்துவந்த வேலை அது.