ஒரு கைப்பிடி ரோஸ்மேரி 6 ஷில்லிங்

1/ எங்க மொட்டைமாடித் தொட்டியில ஒரு ரோஸ்மேரி இருக்கு. நிமிர்ந்து வளராம, தொட்டி விளிம்பைத் தாண்டித் தொங்குற படரும் வகை. வர்றவங்க எல்லாம் கேட்கிற முதல் கேள்வி: "டாக்டர், இது எந்த நோய்க்கு நல்லது?" 400 வருஷத்துக்கு முன்னாடி லண்டன் மக்கள் இதே கேள்விக்குக் கொடுத்த விலையைச் சொல்றேன்.

2/ 1603. லண்டனில் பிளேக். அந்த ஒரு வருடத்தில் மட்டும் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கெட்ட காற்றுதான் நோயைக் கொண்டு வருதுன்னு அன்றைய மருத்துவர்களே நம்பினாங்க. கெட்ட காற்றை விரட்ட நல்ல வாசனை வேணும் இல்லையா? ரோஸ்மேரியை வீட்டில் புகைத்தார்கள். கையில் வைத்து முகர்ந்தார்கள்.

3/ விலை என்ன ஆச்சு? அந்தக் கொள்ளைநோயை நேரில் கண்ட எழுத்தாளர் தாமஸ் டெக்கர் எழுதி வைத்திருக்கிறார். இரு கை கொள்ளாத கட்டு 12 பென்ஸுக்கு, அதாவது 1 ஷில்லிங்குக்கு விற்ற ரோஸ்மேரி, ஒரு கைப்பிடியே 6 ஷில்லிங் ஆனது.

4/ பலன்? இல்லை. பிளேக் கிருமியை 1894-ல் ஹாங்காங்கில் அலெக்சாண்டர் யெர்சின் கண்டுபிடித்தார். அதை எலியிடமிருந்து பரப்புவது தெள்ளுப்பூச்சி என்று 1898-ல் பால் லூயி சிமோன் காட்டினார். வீடு முழுக்க வாசனை. எலியும் அதே வீட்டில்.

5/ அவங்களைப் பார்த்து சிரிக்காதீங்க. 2021, கொரோனா இரண்டாம் அலை. எங்க வார்டுக்கு ஒரு ஐயா வந்தார். சட்டைப்பையில கற்பூரம், ஓமம், கிராம்பு கட்டின துணி முடிச்சு. ஆக்சிஜன் அளவு 80-க்கும் கீழே. "அஞ்சு நாளா இதைத்தான் மோந்துட்டு இருந்தார் சார்"னு மகன் சொன்னார். அந்த முடிச்சு அவரைக் கொல்லலை. போன அஞ்சு நாள்தான் கொன்னுச்சு.

6/ அதனால ரோஸ்மேரி வளர்க்க வேண்டாமா? தாராளமா வளருங்க. விரல் நீளத் தண்டு வெட்டி, அடி இலைகளை உருவிட்டு, மணல் கலந்த மண்ணில் நடுங்க. வேர் பிடிச்சதும் நல்ல வெயில்ல வைங்க. மேல்மண் காய்ஞ்ச பிறகு மட்டும் தண்ணி. மத்தியதரைக் கடலோரப் பாறைச்சரிவில் வளர்ந்த செடி. தண்ணி தேங்கினா வேர் அழுகிடும்.

7/ மாலையில் தொட்டி பக்கம் உட்காருங்க, மனசு லேசாகும். சமையலுக்கும் கிள்ளிக்கலாம். மூச்சு வாங்கினா மட்டும் செடிகிட்ட போகாதீங்க. எங்ககிட்ட வாங்க, அன்னைக்கே.