கியர் பொக்ஸ் மேல் விழுந்த பழி

திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி வழியாகப் புல்மோட்டைக்குப் போகும் கரையோர வீதியில் இருக்கிறது திரியாய். பழமை தேடி இங்கே வருகிறவர்கள் நேரே மலைக்குத்தான் போவார்கள். அங்கே வட்டதாகே எனப்படும் வட்டவடிவப் பௌத்தக் கட்டடம் இருக்கிறது. பல்லவ கிரந்த எழுத்தில், சமஸ்கிருத மொழியில், வணிகக் குழுவைப் பற்றிப் பேசும் பாறைக் கல்வெட்டும் இருக்கிறது. மலைக்குக் கீழே வயலோரம் நிற்கும் உழவு இயந்திரத்தையோ, பொனட் திறந்தபடி மரநிழலில் நிற்கும் பழைய காரையோ வரலாறு என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எடுக்கலாம் என்பது என் எண்ணம். ஒரு ஊரில் எந்த வண்டிகள் ஓடின, அவை பழுதானபோது எதை முதலில் பார்த்தார்கள் என்பதும் அந்த ஊரின் கடந்தகாலம்தான். அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கியர் விழ மறுக்கும் வண்டியைக் கண்டதும் 'கியர் பொக்ஸ் போச்சு' என்று சொல்லிவிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. அந்தத் தீர்ப்புப் பெரும்பாலும் தவறு. பழைய தலைமுறைச் சாரதிகளும் மெக்கானிக்மாரும் அந்தத் தவறைக் குறைவாகவே செய்திருக்க வேண்டும் என்பதற்கு அவர்கள் கையாண்ட வண்டிகளின் அமைப்பே சான்று.

கியர் பொக்ஸுக்குள் நடப்பது இதுதான். எஞ்சினிலிருந்து வரும் தண்டு ஒரு வேகத்தில் சுழல்கிறது; சக்கரங்களோடு பிணைந்த தண்டு வேறொரு வேகத்தில் சுழல்கிறது. இரண்டையும் சத்தமில்லாமல் பூட்ட வேண்டுமானால் வேகங்கள் ஒன்றாக வேண்டும். 1890களில் பிரான்சின் பானார் லெவாசோர் கார்களில் பல்சக்கரங்களையே நகர்த்தி, ஒன்றோடொன்று முட்ட வைத்துத்தான் பூட்டினார்கள். வேகத்தைச் சமப்படுத்தும் பொறுப்பு முழுவதும் சாரதியின் காலுக்கும் காதுக்கும் உரியது. 1928இல் அமெரிக்காவின் கடிலாக் அந்தப் பொறுப்பை இயந்திரத்துக்குள் கொண்டுவந்தது. பற்கள் பூட்டுவதற்கு முன் ஒரு கூம்பு வளையம் உரசி இரண்டு வேகங்களையும் ஒன்றாக்கிவிடும். சின்க்ரோமெஷ் என்பது அதுதான். ஆனால் எல்லாக் கார்களுக்கும் எல்லாக் கியர்களுக்கும் அந்த வசதி உடனே வந்துவிடவில்லை. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரின் நாலு கியர்களில் இரண்டாவதற்கும் அதற்கு மேலேயும்தான் வளையம் உண்டு. முதற் கியருக்கு, 1971இல் அந்தக் காரின் உற்பத்தியே நின்றுபோகும் வரையிலும், கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் மைனரை முதற் கியருக்கு இறக்க வேண்டுமென்றால் டபுள் கிளச் அடிக்க வேண்டும். கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, அக்சிலரேட்டரைத் தட்டி எஞ்சினின் வேகத்தை ஏற்றி, மறுபடியும் மிதித்துக் கியரைப் போடவேண்டும். எவ்வளவு தட்டுவது என்பதை எஞ்சினின் சத்தத்தை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும்.

இலங்கையில் இந்த வண்டிகள் தங்கள் காலத்தைத் தாண்டியும் நிலைத்ததற்குக் காரணம் பாசம் அல்ல, அந்நியச் செலாவணி. 1960களின் தொடக்கத்திலிருந்து கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகுதான் ஜப்பானிய வண்டிகள் பெருகின. இடைப்பட்ட காலம் முழுவதும் மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், ஒஸ்டின் ஏ40 போன்றவற்றைத் திருத்தித் திருத்தியே ஓட்டினார்கள். வயலில் மாஸி பெர்குசன் 35, பிறகு 135. அந்த உழவு இயந்திரங்களின் கியர் பொக்ஸில் சின்க்ரோமெஷ் கிடையாது. பல்சக்கரம் நகர்ந்து பூட்டும் பழைய முறைதான். இயந்திரத்தை நிறுத்தாமல் கியர் மாற்றப் பார்த்தால் கரகரவென்று எச்சரிக்கும். அந்தக் கரகரப்பு 'பொறு, இன்னும் சுற்றுகிறது' என்பதைத்தான் சொல்கிறது என்று உழவு இயந்திரம் ஓட்டும் எவருக்கும் தெரியும். கார்ச் சாரதிக்கும் இதே பாடம் இருந்தது. திருகோணமலையிலிருந்து தெற்கே மூதூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு, 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 அக்டோபரில் திறக்கப்படும்வரை, 'பாதை' என்று ஊரார் சொல்லும் மிதவைதான் வழியாக இருந்தது. முன்னே நிற்கும் வண்டி நகர நகர, ஊர்ந்து ஊர்ந்து முதற் கியரில் அதில் ஏற வேண்டியிருந்தது. சின்க்ரோமெஷ் இல்லாத முதற் கியரோடு அப்படி ஊர்ந்த சாரதிக்குக் கிளச் எந்த இடத்தில் முழுதாக விடுகிறது, எந்த இடத்தில் அரைகுறையாகப் பிடிக்கிறது என்பது தெரிந்தே ஆகவேண்டும். தெரியாதவர் நாலு பேர் முன்னால் பல்லைக் கடிக்க வைத்திருப்பார், தன் வண்டியின் பல்லைத்தான்.

இந்தக் கால் அறிவுதான் பழுது பார்ப்பதில் பாதி. கியர் விழவில்லை என்ற குறையை மூன்று இடங்களில் தேடலாம். கிளச் முழுதாக விடாமல் இருக்கலாம். கியர்த் தடியிலிருந்து பொக்ஸ் வரையுள்ள கம்பி, மூட்டு, புஷ் தேய்ந்திருக்கலாம். கடைசியாகத்தான் பொக்ஸுக்குள் கோளாறு. பிரித்தறியும் சோதனைக்கு ஒரு சாமானும் வேண்டாம். எஞ்சினை நிறுத்திவிட்டு, கிளச்சை மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்க்க வேண்டும். நிறுத்தியிருக்கும்போது எல்லாக் கியரும் இலகுவாக விழுந்து, ஸ்டார்ட் செய்ததும் விழ மறுத்தால், கம்பியும் பொக்ஸும் பெரும்பாலும் குற்றமற்றவை. மிதித்த பிறகும் கிளச் பிளேட் எஞ்சினோடு இழுபட்டுச் சுழல்கிறது. அதை உறுதிப்படுத்த இன்னொன்று செய்யலாம். எஞ்சின் ஓடும்போது கிளச்சை மிதித்து மூன்று நாலு விநாடி பொறுத்து ரிவேர்ஸ் போட வேண்டும். பல கார்களில் இன்றும் ரிவேர்ஸுக்குச் சின்க்ரோமெஷ் இல்லை. அவ்வளவு பொறுத்தும் கரகரத்தால் கிளச்சில்தான் பிழை. எஞ்சின் நின்றிருக்கும்போதும் தடி இறுகியே இருந்தால் கம்பியையும் மூட்டையும் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் தண்டோடு கியர்த் தடி பொருத்திய ஒக்ஸ்போர்ட் போன்ற கார்களில் இது கண்ணால் காணக்கூடிய குறை. புஷ் தேய்ந்ததும், தடியின் அசைவைப் பொக்ஸுக்குக் கடத்தும் இரண்டு லீவர்களும் வரிசை தவறி ஒன்றையொன்று மறிக்கும், தடி நடுவில் சிக்கி நிற்கும். பொனட்டைத் திறந்து, ஸ்டியரிங் தண்டின் அடியில் அந்த இரண்டு லீவர்களையும் கையால் நியூட்ரல் வரிசைக்குத் தள்ளிவிட்டால் கியர் மறுபடியும் விழும். அதே அமைப்பில் வந்த இந்திய அம்பாசடர் சாரதிகளுக்கும் இது பழக்கமான வேலை.

கரையோர ஊர்களுக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. கடற்காற்றின் உப்பு கிளச் கேபிளையும், கம்பி மூட்டுகளையும், தேய்ந்த புஷ்களையும் பிடிக்கும். பொக்ஸின் உட்புறமோ ஒயிலில் ஊறிக் கிடப்பதால் துரு அங்கே எளிதில் நுழைவதில்லை. ஆகவே இந்த வீதியில் ஓடும் வண்டிக்குக் கியர் இறுகினால் சந்தேகப்பட வேண்டிய வரிசையே வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். நீண்ட நாள் ஓடாமல் நிற்கும் வண்டிக்கு இது இன்னும் பொருந்தும். ஈரக்காற்றில் மாதக்கணக்கில் நின்றால் கிளச் பிளேட் பிளைவீலோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். பெடலை எவ்வளவு மிதித்தாலும் விடாது, கியரும் விழாது. விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையில் உழவு இயந்திரத்தை நிறுத்தி வைக்கும்போது கிளச் பெடலை அமத்தி ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து வைப்பது இதற்காகத்தான். போர்க்காலத்தில் 1985இல் திரியாய் மக்கள் இடம்பெயர்ந்தார்கள், திரும்பிவர வருடங்கள் எடுத்தன. அப்படி விட்டுப்போன ஊர்களில் ஓடாமல் நின்ற எந்த இயந்திரத்துக்கும் முதலில் வரும் வியாதிகளில் ஒன்று இது. அதற்குக் கியர் பொக்ஸைப் பிரிப்பது பல்வலிக்கு வயிற்றைக் கிழிப்பதுபோல.

இங்கே ஒரு மறுப்பு எழும். வடக்குக் கிழக்கின் மெக்கானிக்மார் பொக்ஸைத் திறக்காமல் விட்டது அறிவால் அல்ல, உள்ளே போடச் சாமான் கிடைக்காததால். இல்லாமையை ஞானமாக்கிப் பார்ப்பது வெறும் ஏக்கம் என்று சொல்லலாம். மறுப்பில் உண்மை இருக்கிறது. 1990இல் போர் மறுபடி மூண்டபின் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்கு எரிபொருளும் பற்றரியும் வாகன உதிரிப்பாகங்களும் தடுக்கப்பட்டன. யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்டினும் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவில் தாழ்வாக இருந்ததால் அந்த எஞ்சின்கள் அதைப் பொறுத்துக்கொண்டன. மண்ணெண்ணெயில் இழுவை குறையும். இழுவை குறைந்த எஞ்சினுக்குக் கியரை அடிக்கடி இறக்க வேண்டும். கிளச்சுக்கும் கியருக்கும் வேலை கூடும். ஆக, சாமான் இல்லாத காலமும் கியர் அதிகம் மாற்ற வேண்டியிருந்த காலமும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. இல்லாமைதான் வரிசையைக் கற்பித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு முறை எதனால் பிறந்தது என்பது வேறு, அது சரியா என்பது வேறு. செலவில்லாத சோதனையை முதலிலும் பிரிக்கும் வேலையைக் கடைசியிலும் வைக்கும் வரிசையைத்தான், சாமான் குவிந்து கிடக்கும் நாட்டின் தொழிற்சாலைப் பழுதுபார்ப்புக் கைநூலும் சொல்கிறது.

இல்லாமை தவறுகளையும் கற்பித்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் வாதம் நேர்மையாகாது. ஒயில் விஷயம் அதில் முக்கியமானது. மைனரின் கியர் பொக்ஸுக்குத் தயாரிப்பாளர் சொன்னது எஞ்சின் ஒயில்தான். கெட்டியான கியர் ஒயில் பின் அக்சிலுக்கு உரியது. பெயரைப் பார்த்துக் கியர் பொக்ஸுக்குக் கியர் ஒயில் ஊற்றினால், காலையில் குளிர்ந்த பொக்ஸில் அந்தக் கெட்டி ஒயிலை வளையம் ஊடறுக்க முடியாமல் தடி இறுகும். கொஞ்சத் தூரம் ஓடிச் சூடானதும் இலகுவாகும். இந்தக் காலை இறுக்கம் ஒயிலின் அடையாளம். அக்சிலுக்கான சில ஒயில்களில் கலந்திருக்கும் கந்தகச் சேர்மானம் சின்க்ரோமெஷின் பித்தளை வளையங்களை அரிக்கவும் கூடும். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று டின்னில் போட்டிருக்கும் வேறுபாட்டைப் பார்த்து வாங்க வேண்டியது இதற்காகத்தான். கிடைத்ததை ஊற்றிய காலத்தில் இப்படிக் கெட்ட பொக்ஸ்களும் இருந்திருக்கும்.

அடுத்த மறுப்பு, இதெல்லாம் பழைய கார்க் கதை என்பது. இன்று முன்னோக்கிப் போகும் கியர்கள் எல்லாவற்றுக்கும் வளையம் உண்டு, டபுள் கிளச் தேவையில்லை, ஓட்டோ கியர்க் கார்களும் வந்துவிட்டன. ஆனால் 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. ஐந்து வருடம் புதுக் கார் வராத நாட்டில் கையால் கியர் போடும் வண்டிகள் இன்னும் ஐந்து வருடம் கிழடாயின. சின்க்ரோமெஷ் ஓட்டுவதை எளிதாக்கியது. பழுதை மறைக்கவும் செய்தது. கிளச் கொஞ்சம் இழுத்தால் மைனரின் முதற் கியர் அன்றைக்கே கத்திவிடும். புதிய காரில் வளையம் அந்தச் சுமையைச் சத்தமில்லாமல் தாங்கும், மாதக்கணக்கில் தேயும், பிறகு கத்தும். அப்போது உண்மையாகவே பொக்ஸும் கெட்டிருக்கும். ஒயில் அழுத்தத்தில் இயங்கும் கிளச்சில் சிலிண்டர் சீல் கசிந்தாலோ குழாயில் காற்றுப் புகுந்தாலோ, பெடலை இரண்டு மூன்று தரம் அடித்து மிதித்தால் கியர் விழும், ஒரு தரம் மிதித்தால் விழாது. சிறிய சீல் ஒன்றும் ஒரு போத்தல் பிரேக் ஒயிலும் போதுமான இந்தப் பழுதுக்குக் கியர் பொக்ஸ் பலியாகக் கூடாது. இன்னும் சிறியதும் உண்டு: பெடலுக்கடியில் மடிந்து கிடக்கும் கால்மிதி. அதைத் தூக்கிப் பார்க்க மெக்கானிக்கே வேண்டாம்.

பொக்ஸ் ஒருபோதும் கெடாது என்று நான் சொல்லவில்லை. ஒரேயொரு கியர் மட்டும், அதுவும் எப்போதும் அதே கியர், ஓட்டத்தில் கரகரத்து, மற்றவை சுத்தமாக விழுந்தால் அந்தக் கியரின் வளையம் தேய்ந்துவிட்டது. போட்ட கியர் தானாகத் துள்ளி வெளியே வந்தாலும் குறை பெரும்பாலும் உள்ளேதான். அப்போது திறக்கத்தான் வேண்டும். கிளச் பிளேட் மாற்றுவதற்கும் பொக்ஸை இறக்கியாக வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் இறக்குவது வேறு, பிரித்து உள்ளே கை வைப்பது வேறு. செலவும் நாட்களும் அதற்கேற்ப வேறுபடும். உங்கள் வண்டிக்கு 'கியர் பொக்ஸ் போச்சு' என்ற தீர்ப்புச் சொல்லப்பட்டால், இறக்கவா பிரிக்கவா என்று முதலில் கேளுங்கள். அதற்கும் முன்னால், எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியரையும் ஒருமுறை நீங்களே போட்டுப் பார்த்துவிட்டு வண்டியைக் கராச்சில் விடுங்கள்.